கதை இலாகாவில் உட்கார்ந்திருந்தவர்கள்

1907-ல் காலெம் என்ற அமெரிக்கப் படக் கம்பெனி 'பென்-ஹர்' நாவலைப் படமாக எடுத்தது. நாவலை எழுதிய லூ வாலஸ் இறந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவருடைய குடும்பத்திடமோ, புத்தகத்தை வெளியிட்ட ஹார்ப்பர் பிரதர்ஸிடமோ கம்பெனிக்காரர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்குப் படம் எடுத்தவர்களிடையே அப்படிக் கேட்கும் பழக்கமும் இல்லை. கடையில் காசு கொடுத்து வாங்கிய புத்தகம், அதில் இருப்பதைக் கேமராவுக்கு முன்னால் நடித்துக் காட்டினால் என்ன தப்பு என்பதுதான் கணக்கு. ஜீன் கான்டியே என்ற நடிகை நாவலைப் பிரித்துக் காட்சிகளாக எழுதிக் கொடுத்தார். அவ்வளவு பெரிய நாவல் கால் மணி நேரப் படமாக வந்தது.

ஹார்ப்பர் பிரதர்ஸ் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போய் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 1911-ல் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் தீர்ப்பு எழுதினார். பேச்சே இல்லாமல் உடல் அசைவில் மட்டும் காட்டினாலும் அது நாவலை நாடகமாக்கியதுதான், அந்த உரிமை நாவலாசிரியர் தரப்புக்கே உரியது என்பது அதன் சாரம். காலெம் 25,000 டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. அடுத்த வருஷமே காப்புரிமைச் சட்டத்தில் சினிமாவுக்கும் தனியாக இடம் வந்தது. கதை என்பது பத்திரம் எழுதி, விலை பேசி வாங்க வேண்டிய சொத்து என்பது சினிமாக்காரர்களுக்கு உறைத்தது அப்போதுதான்.

இதையெல்லாம் நான் தேடித் தேடிப் படிப்பதற்குக் காரணம் என் பிழைப்பு. சென்னையில் ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்குக் கதை படித்துக் கொடுப்பது என் வேலை. நாவல், சிறுகதைத் தொகுப்பு, பழைய பத்திரிகைத் தொடர், புது இயக்குநர்கள் மெயிலில் அனுப்பும் பௌண்ட் ஸ்கிரிப்ட் என்கிற முழுத் திரைக்கதை, எல்லாம் என்னிடம் வரும். படித்துவிட்டு ஒன்லைன் என்கிற ஒரு வரிக் கதை, கதைச் சுருக்கம், எடுக்கலாமா வேண்டாமா என்று என் கருத்து, மூன்றையும் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு கதை படமானால் அதில் இந்த இரண்டு பக்கத்துக்கு என்ன பங்கு என்று யாரும் கேட்பதில்லை. எனக்கோ அந்தப் பங்கு பெரியது என்ற எண்ணம் உண்டு. அந்த எண்ணத்துக்கு ஆதாரம் எங்கே கிடைக்கும் என்று பார்த்தால், பழைய ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் கதை இலாகாக்களில்தான் கொட்டிக் கிடக்கிறது.

முதலில் அவர்கள் ஊரெல்லாம் கதை கேட்டார்கள். 1910-களில் வாரத்துக்குப் பல குறும்படங்கள் வெளியாகிக்கொண்டிருந்தன. அத்தனைக்கும் கதை வேண்டும். யார் வேண்டுமானாலும் தபாலில் கதை அனுப்பலாம் என்று கம்பெனிகள் விளம்பரம் செய்தன. ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், வீட்டில் இருந்த பெண்கள் என்று எல்லாரும் எழுதி அனுப்பினார்கள். படக்கதை எழுதச் சொல்லித்தரும் தபால்வழிப் பள்ளிகள் முளைத்தன. அந்தக் கூட்டத்தில் இருந்து வந்தவர்தான் அனிடா லூஸ். அவர் தபாலில் அனுப்பிய 'தி நியூயார்க் ஹேட்' கதையை பயோகிராஃப் கம்பெனி 25 டாலருக்கு வாங்கியது. 1912-ல் டி. டபிள்யூ. கிரிஃபித் அதை இயக்கினார், மேரி பிக்ஃபோர்ட் நடித்தார். லூஸ் பிறகு ஹாலிவுட்டின் பெரிய எழுத்தாளர்களில் ஒருவராக ஆனார்.

ஆனால் தபால் கதைகளோடு ஒரு வில்லங்கமும் சேர்ந்து வந்தது. நான் அனுப்பிய கதையைத் திருப்பி அனுப்பிவிட்டு அதையே படமாக எடுத்துவிட்டீர்கள் என்று வழக்குகள் வர ஆரம்பித்தன. உண்மையாகவே திருடியதும் இருக்கும், இரண்டு பேருக்கு ஒரே யோசனை வந்ததும் இருக்கும். எது எப்படியானாலும் வக்கீல் செலவு கம்பெனிக்கு. அதனால் ஸ்டூடியோக்கள் தபால் வாசலைச் சாத்தின. முன்பின் தெரியாதவர்களிடம் இருந்து வரும் கவரைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவது வழக்கமானது. அப்புறம் கதை உள்ளே போக மூன்று வழிதான்: அச்சான புத்தகம் அல்லது பத்திரிகை, மேடை நாடகம், ஏஜென்ட். இன்றைக்கும் மும்பையிலும் சென்னையிலும் பெரிய நிறுவனங்கள் முகம் தெரியாதவரின் கதையைப் பிரித்துப் பார்க்கப் பயப்படுவதற்குக் காரணம் இதே பயம்தான்.

வாசலைச் சாத்திய பிறகு யாராவது வெளியே போய்த் தேடியாக வேண்டுமே. அப்படித்தான் கதை இலாகா பெரிதானது. படம் எடுப்பது கலிஃபோர்னியாவில் என்றாலும் கதை தேடும் கண்கள் நியூயார்க்கில் இருந்தன. பதிப்பகங்கள் அங்கே, பத்திரிகைகள் அங்கே, பிராட்வே நாடக அரங்குகளும் அங்கே. புத்தகம் கடைக்கு வருவதற்கு முன்பே அச்சகத்து புரூஃப் பிரதியைக் கையில் வாங்கிவிடுவதுதான் நியூயார்க் ஆபீஸின் சாமர்த்தியம். போட்டி ஸ்டூடியோ படித்து முடிப்பதற்குள் நாம் படித்து முடித்திருக்க வேண்டும். ஒரே இரவில் தடிமனான நாவலைப் படித்துவிட்டுக் காலையில் சுருக்கம் கொடுக்க ரீடர்கள் இருந்தார்கள்.

அந்த ரீடர் எழுதும் தாளில் கதையின் பெயர், ஆசிரியர், நாவலா நாடகமா பத்திரிகைக் கதையா, படித்த தேதி, படித்தவர் பெயர் எல்லாம் மேலே இருக்கும். பிறகு கதைச் சுருக்கம். கடைசியில் ஒரு சின்னப் பத்தியில் ரீடரின் அபிப்பிராயம். பக்கம் பக்கமாக எழுதிய சுருக்கத்தைவிட அந்தக் கடைசிப் பத்திதான் மேலே இருப்பவர்களின் கண்ணில் முதலில் படும். வேண்டாம் என்று எழுதினால் அநேகமாகக் கதை அங்கேயே முடிந்தது. ஆயிரக்கணக்கான கதைகள் ஒவ்வொரு வருஷமும் இந்தத் தாள்களாகச் சுருங்கி அலமாரிக்குப் போயின. வேண்டாம் என்ற தாளையும் தூக்கிப் போட மாட்டார்கள். நாளைக்கே யாராவது வழக்குப் போட்டால், இதைப் படித்தோம், வேண்டாம் என்றோம் என்று காட்ட அது வேண்டும். வார்னர் பிரதர்ஸின் பழைய கோப்புகள் இப்போது தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கின் கோப்புகள் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

ரீடர் வேலைக்குச் சம்பளம் குறைவு. பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள்; எழுத்தாளராகக் கனவு கண்டு, அதற்கு முன் வாடகை கட்ட இந்த வேலைக்கு வந்த இளைஞர்களும் இருந்தார்கள். டால்டன் ட்ரம்போ லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பேக்கரியில் வருஷக்கணக்கில் இரவு வேலை பார்த்தவர். 1934-ல் வார்னர் பிரதர்ஸில் ரீடராகச் சேர்ந்தார். மற்றவர்கள் கதையைப் படித்துச் சுருக்கம் எழுதிய அதே மனிதர் பின்னால் அரசியல் காரணத்துக்காக, வேலை கொடுக்கக் கூடாதவர்கள் என்ற கருப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டார். அவர் எழுதிய 'ரோமன் ஹாலிடே' கதை நண்பரின் பெயரில் வெளியாகி, ஆஸ்கரும் நண்பரின் பெயருக்கே போனது. 1993-ல், ட்ரம்போ இறந்து பல வருஷங்களுக்குப் பிறகு, அந்த விருதை அவர் மனைவியிடம் கொடுத்தார்கள்.

எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் தலைவர் லூயி பி. மேயருக்கு ஸ்கிரிப்டைக் கையில் எடுத்துப் படிக்கும் பழக்கம் கிடையாது. அவருக்குக் கதை சொல்வதற்கென்றே கதை இலாகாவில் கேட் கார்பலி என்ற அம்மாள் இருந்தார். தயாரிப்பாளர் ஏதாவது நாவலை வாங்க நினைத்தால் கார்பலியைக் கூப்பிடுவார்கள். அவர் மேயர் முன்னால் உட்கார்ந்து, தாள் எதுவும் பார்க்காமல், ஆரம்பத்தில் இருந்து முடிவு வரை கதையைச் சொல்வார். மேயர் கேட்டுக்கொண்டே இருப்பார்; அவர் மனம் இளகுகிறதா என்பதை வைத்து லட்சக்கணக்கான டாலர் போகிற திசை முடிவாகும். எம்.ஜி.எம். படங்களின் சரித்திரத்தில் நடிகர்கள், இயக்குநர்கள் பெயர் எல்லாம் வரும். கார்பலியின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்கு இது நெருக்கமாகப் புரிகிற விஷயம். எங்கள் தயாரிப்பாளரும் கேட்டுத்தான் முடிவெடுப்பார். காரில் போகும்போது, "சரி, சொல்லுங்க" என்பார். வடபழனியில் ஏறினால் அடையாறு வருவதற்குள் முன்னூறு பக்க நாவல் அவருக்குள் இறங்கியிருக்க வேண்டும். எந்த இடத்தில் அவர் ஜன்னல் பக்கம் திரும்புகிறார், எந்த இடத்தில் போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். நாவலாசிரியர் பத்து வருஷம் உழைத்த ஒரு திருப்பத்தை நான் சோர்வாகச் சொல்லிவிட்டால் அது அவருக்குச் செய்யும் துரோகம். அந்தப் பொறுப்பு எனக்கு எப்போதும் பாரமாகவே இருக்கிறது.

ஒரு ரீடரின் பத்தி என்ன செய்யும் என்பதற்கு 'காஸாபிளாங்கா'வைவிட நல்ல உதாரணம் கிடையாது.

முர்ரே பர்னெட் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியர். 1938 கோடையில் மனைவியோடு வியன்னா போனார். ஆஸ்திரியாவை ஹிட்லர் இணைத்துக்கொண்டிருந்த நேரம். மனைவியின் யூத உறவினர்களுக்கு உதவத்தான் அந்தப் பயணம். அங்கே பார்த்தது அவரை உலுக்கிவிட்டது. அதே பயணத்தில் தெற்கு பிரான்சில் மத்தியதரைக் கடலைப் பார்த்த மாதிரி இருந்த ஒரு இரவு விடுதிக்குப் போனார். ஒரு கருப்பினக் கலைஞர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார், சுற்றிலும் பல நாட்டு மனிதர்கள். இது நாடகத்துக்கு நல்ல இடம் என்று அவருக்குத் தோன்றியது. 1940-ல் ஜோன் அலிசனோடு சேர்ந்து 'எவ்ரிபடி கம்ஸ் டு ரிக்ஸ்' என்ற நாடகத்தை எழுதினார். பிராட்வேயில் அது மேடையேறவில்லை. மேடையேறாத நாடகத்துக்குச் சந்தையில் மதிப்பு குறைவு. ஏஜென்ட் அதை ஸ்டூடியோக்களுக்குச் சுற்றுக்கு விட்டார்.

அந்தப் பிரதி வார்னர் பிரதர்ஸின் கதை இலாகாவுக்கு வந்தது 1941 டிசம்பர் 8. முந்தின நாள்தான் பேர்ல் ஹார்பர் தாக்குதல். ஊரே ரேடியோ முன்னால் இருந்த அந்த வாரத்தில் ஸ்டீஃபன் கார்னாட் என்ற ரீடர் உட்கார்ந்து அதைப் படித்தார், சுருக்கம் எழுதினார், கடைசிப் பத்தியில் தன் அபிப்பிராயத்தைச் சொன்னார். அருமையான மெலோட்ராமா, காலத்துக்கு ஏற்ற பின்னணி, இறுக்கமான கதைப்பின்னல், வசூல் நிச்சயம். ஹம்ப்ரி போகார்ட், ஜேம்ஸ் கேக்னி, ஜார்ஜ் ராஃப்ட் ஆகிய மூவரில் ஒருவருக்கு அவர்கள் வழக்கமாகச் செய்யாத பாத்திரமாக இது பொருந்தும் என்றும் எழுதினார். போகார்டின் பெயர் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

கதை இலாகாவின் பொறுப்பில் இருந்த ஐரீன் லீ அதோடு விடவில்லை. தயாரிப்பாளர் ஹால் வாலிஸிடம் எடுத்துப் போய் வாங்கச் சொல்லி வற்புறுத்தினார். டிசம்பர் கடைசி நாளில் வாலிஸ் நாடகத்தின் பெயரை 'காஸாபிளாங்கா' என்று மாற்றச் சொல்லிவிட்டார். ஜனவரியில் 20,000 டாலருக்கு உரிமை வாங்கினார்கள். மேடையேறாத நாடகத்துக்கு அது பெரிய தொகை. படம் வந்து ஆஸ்கர்கள் வாங்கியது. திரைக்கதைக்கான விருது மூன்று ஸ்டூடியோ எழுத்தாளர்களுக்குப் போனது. பர்னெட், அலிசன் பெயர்கள் டைட்டிலில் உண்டு என்றாலும், ரிக், அவருடைய விடுதி, பியானோ வாசிக்கும் சாம் எல்லாம் அந்த நாடகத்திலேயே இருந்தவை என்று நினைவுபடுத்தப் பர்னெட் வாழ்நாள் முழுக்கப் போராட வேண்டியிருந்தது. 1980-களில் தன் பாத்திரங்கள் மீதான உரிமையைக் கேட்டு வழக்குப் போட்டார். நீதிமன்றம் பழைய பத்திரத்தை எடுத்துப் பார்த்தது. இப்போது இருக்கிற, இனிமேல் வரப்போகிற எல்லா வகை உரிமைகளையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வழக்கு தோற்றது.

விற்கும்போது எழுத்தாளருக்குத் தன் கதை என்னவாகும் என்று தெரியாது. வாங்குகிறவருக்கும் தெரியாதுதான், ஆனால் தெரியாத எதிர்காலம் முழுவதையும் பத்திரத்தில் சேர்த்து எழுதிக்கொள்ளும் வக்கீல் அவரிடம் இருக்கிறார். பழைய ஸ்டூடியோக்களின் கதைக் கொள்முதலில் எனக்கு மனசு ஒப்பாத இடம் இது. ஒரு தடவை விலை, எல்லாக் காலத்துக்கும் உரிமை. டாஷியல் ஹாமெட்டின் 'தி மால்டீஸ் ஃபால்கன்' நாவலை வார்னர் பிரதர்ஸ் 8,500 டாலருக்கு வாங்கியது. 1931-ல் ஒரு படம், 1936-ல் பெயரையும் ஆட்களையும் மாற்றி இன்னொரு படம், 1941-ல் போகார்டை வைத்து மூன்றாவது படம். மூன்றுக்கும் அதே 8,500 டாலர். அதோடு நிற்காமல், துப்பறிவாளர் சாம் ஸ்பேடை ஹாமெட் வேறு கதைகளிலும் ரேடியோவிலும் பயன்படுத்த அனுமதித்தபோது வார்னர் பிரதர்ஸ் வழக்குப் போட்டது. நல்லவேளையாக 1954-ல் தீர்ப்பு ஹாமெட் பக்கம் வந்தது. பத்திரத்தில் பாத்திரத்தைத் தெளிவாக எழுதி வாங்கியிருந்தால் ஒழிய, எழுத்தாளர் அந்தப் பாத்திரத்தை வைத்து மேலும் கதை எழுதலாம் என்றது நீதிமன்றம்.

மேரி ஆரின் கதை இன்னும் வருத்தமானது. 1946-ல் காஸ்மோபாலிட்டன் பத்திரிகையில் அவர் எழுதிய சிறுகதையைத்தான் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் வாங்கி 'ஆல் அபவுட் ஈவ்' எடுத்தது. 14 ஆஸ்கர் பரிந்துரைகள். படத்தின் டைட்டிலில் மேரி ஆரின் பெயரே கிடையாது.

பெரிய விலைக்குப் போனவையும் உண்டு. செல்ஸ்னிக்கின் நியூயார்க் ஆபீஸில் இருந்த கே பிரவுன், 1936-ல் இன்னும் கடைக்கு வராத ஆயிரம் பக்க நாவல் ஒன்றைப் படித்துவிட்டு, உடனே வாங்குங்கள் என்று மன்றாடி எழுதினார். செல்ஸ்னிக் தயங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் படங்கள் ஓடாது என்பது அன்றைய நம்பிக்கை. கலிஃபோர்னியாவில் இருந்த அவருடைய கதை இலாகாப் பொறுப்பாளர் வால் லூட்டனுக்கும் அதில் நம்பிக்கை இல்லை. பிரவுன் விடவில்லை. ஜூலையில் 50,000 டாலருக்கு உரிமை வாங்கினார்கள். முதல் நாவலுக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை. 'கான் வித் தி விண்ட்' அப்படித்தான் செல்ஸ்னிக் கைக்கு வந்தது. பல வருஷம் கழித்துக் கம்பெனியைக் கலைத்தபோது, நாவலை எழுதிய மார்கரெட் மிட்செலுக்கு இன்னொரு 50,000 டாலரை செல்ஸ்னிக் தானாக அனுப்பினார். பத்திரப்படி கொடுக்க வேண்டிய அவசியம் இல்லாத பணம் அது. ஸ்டூடியோ முதலாளிகளில் அப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு.

நம் பக்கத்துச் சரித்திரமும் இதிலிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை. எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய 'சதி லீலாவதி' தொடர்கதையை மனோரமா பிலிம்ஸ் 200 ரூபாய்க்கு வாங்கி, 1936-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் படமாக்கியது. எம்.ஜி.ஆர். முதலில் திரையில் வந்தது அதில்தான். கதை தங்களுடைய நாடகத்தைப் போலவே இருக்கிறது என்று 'பதிபக்தி' நாடகத் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. வாசன் சொன்ன பதில்தான் முக்கியம்: இரண்டுமே திருமதி ஹென்றி வுட் எழுதிய 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்ற ஆங்கில நாவலில் இருந்து வந்தவை, ஆகவே யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. 1860-ல் மதுவிலக்கு இயக்கத்துக்காக எழுதப்பட்ட நாவல் அது.

கதையை விற்ற அதே வாசன் சில வருஷங்களில் ஜெமினி ஸ்டூடியோவை நடத்தினார். அங்கே சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கதை இலாகா இருந்தது. டைட்டிலிலும் ஜெமினி கதை இலாகா என்று வரும். கொத்தமங்கலம் சுப்பு, கே. ஜே. மகாதேவன், சங்கு சுப்பிரமணியம், நைனா, வேப்பத்தூர் கிட்டு எல்லாம் அதில் இருந்தவர்கள். ஜெமினியில் வேலை பார்த்த அசோகமித்திரன் தன் நினைவுகளில், அந்த இலாகாவில் கவிஞர்கள், எழுத்தாளர்களுக்கு நடுவே ஒரு வக்கீலும் இருந்ததைச் சொல்கிறார். 'சந்திரலேகா'வுக்குப் பெயரைத்தான் முதலில் அறிவித்தார்கள், கதை கிடைக்கவில்லை. இலாகா கொண்டுவந்த எதுவும் வாசனுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் கிட்டு, ஜி. டபிள்யூ. எம். ரெய்னால்ட்ஸின் 'ராபர்ட் மகேர்' என்ற பழைய ஆங்கில நாவலில், கொள்ளைக்காரனை ஒரு பெண் தந்திரத்தால் மடக்கும் இடத்தைப் படித்துவிட்டு வந்து சொன்னார். அதில் இருந்து கிளம்பியதுதான் 1948-ல் வந்த பிரம்மாண்டம். ரெய்னால்ட்ஸ் 1879-லேயே இறந்துவிட்டவர். யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. ஹாலிவுட்டில் கதை இலாகாவின் வேலை வாங்குவது என்றால், ஜெமினியில் அதன் வேலை உட்கார்ந்து பேசி உருட்டித் திரட்டுவது. அந்த இலாகாவில் யார் எந்தக் காட்சியைச் சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்ல இன்று யாராலும் முடியாது. கிட்டுவின் அந்த ஒரு வாசிப்பு மட்டும் பெயரோடு தங்கியிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

பத்திரத்தில் எல்லாவற்றையும் எழுதி வாங்கினாலும் ஒரு ஓட்டை இருந்தது. அமெரிக்காவில் அன்றைய சட்டப்படி காப்புரிமை முதலில் 28 வருஷம், பிறகு புதுப்பித்தால் இன்னொரு 28 வருஷம்.

கார்னெல் வூல்ரிச் என்ற துப்பறியும் கதைக்காரர் தாயோடு ஹோட்டல் அறைகளில் ஒதுங்கி வாழ்ந்தவர். 1942-ல் 'டைம் டிடெக்டிவ்' என்ற மலிவுப் பத்திரிகையில் ஒரு கதை எழுதினார். அறையை விட்டு நகர முடியாதவன் ஜன்னல் வழியாக எதிர் வீட்டைப் பார்த்து ஒரு கொலையைக் கண்டுபிடிக்கிறான். 1945-ல் இதையும் சேர்த்து ஆறு கதைகளை 9,250 டாலருக்குப் படக் கம்பெனி ஒன்றுக்கு விற்றார். காப்புரிமை முடியும்போது புதுப்பித்து, அதையும் எழுதிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். 1953-ல் ஹிட்ச்காக்கும் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் சேர்ந்த கம்பெனி இந்தக் கதையை மட்டும் 10,000 டாலருக்கு வாங்கியது. அடுத்த வருஷம் 'ரியர் விண்டோ' வந்தது.

புதுப்பிக்க வேண்டிய காலம் வருவதற்குள், 1968-ல், வூல்ரிச் இறந்துவிட்டார். மனைவி மக்கள் இல்லை. சொத்தைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காக எழுதி வைத்திருந்தார். உயிலை நிறைவேற்றிய வங்கி அந்தக் கதையின் காப்புரிமையைப் புதுப்பித்து, ஷெல்டன் ஏபெண்ட் என்ற இலக்கிய ஏஜென்டுக்கு 650 டாலருக்கும், வரும் வருமானத்தில் 10 சதவீதத்துக்கும் கொடுத்தது. படத்தை டெலிவிஷனில் போட்டபோது ஏபெண்ட் வழக்குப் போட்டார். 25,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். 1980-களில் படத்தைத் திரும்பத் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தபோது மறுபடி வழக்கு. 1990-ல் உச்ச நீதிமன்றம் ஏபெண்ட் பக்கம் நின்றது. புதுப்பிக்கும் காலத்துக்கு முன்பே எழுத்தாளர் இறந்துவிட்டால், அவர் கொடுத்த வாக்கு அவர் வாரிசைக் கட்டுப்படுத்தாது. மூலக்கதையின் சொந்தக்காரரைக் கேட்காமல் படத்தைத் திரையிட முடியாது.

ஸ்டூடியோக்களில் பழைய கோப்புகளைத் தூசி தட்டினார்கள். அந்தத் தீர்ப்பைப் படித்ததில் இருந்து நானும் என் ரிப்போர்ட்டில் கதை முதலில் எந்தப் பத்திரிகையில், எந்த வருஷம் வந்தது, எழுத்தாளர் இல்லை என்றால் வாரிசு யார் என்று மேலேயே எழுதிவிடுகிறேன். தமிழில் இதற்குப் பதில் கிடைப்பது பல சமயம் லேசில்லை. நின்றுபோன பத்திரிகை, மூடிய பதிப்பகம், ஊர் மாறிய குடும்பம். ஒரு சிறுகதையின் வாரிசைத் தேடி மயிலாடுதுறையில் தெருத் தெருவாக விசாரித்திருக்கிறேன். கண்டுபிடித்தபோது அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத் தாத்தா கதை எழுதியதே தெரியவில்லை. ஆட்சேபம் இல்லை என்ற என்.ஓ.சி. கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பேத்தி, "அந்தக் கதையை எங்களுக்கும் ஒரு காப்பி அனுப்புங்க சார்" என்றார். அனுப்பினேன்.

அந்தத் தீர்ப்பால் இன்னொரு படத்துக்கும் வழி பிறந்தது. ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்ற எழுத்தாளர் ஒரு சிறுகதை எழுதினார். எந்தப் பத்திரிகையும் அதை வாங்கவில்லை. 1943 கிறிஸ்துமஸுக்கு 200 பிரதிகள் அச்சடித்து வாழ்த்து அட்டையாக நண்பர்களுக்கு அனுப்பிவிட்டார். சில மாதங்களில் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ அதை 10,000 டாலருக்கு வாங்கியது. திரைக்கதை எழுத முயன்றவர்களில் முன்னாள் ரீடர் ட்ரம்போவும் ஒருவர். எதுவும் சரிவரவில்லை. ஆர்.கே.ஓ. அந்தத் திரைக்கதைகளையும் சேர்த்து, வாங்கிய விலைக்கே ஃபிராங்க் காப்ராவின் கம்பெனிக்குத் தள்ளிவிட்டது. 1946-ல் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' வந்தது.

படத்தின் காப்புரிமையை 1974-ல் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். பிறகு எந்த டெலிவிஷன் நிலையமும் காசு கொடுக்காமல் அதைப் போடலாம் என்றாகிவிட்டது. கிறிஸ்துமஸ் சமயத்தில் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் அது அமெரிக்காவின் வீட்டுப் படமானது. 1993-ல் ரிபப்ளிக் பிக்சர்ஸ் தன்னிடம் மூலக்கதையின் உரிமை இருப்பதைக் காட்டியது. படத்தின் காப்புரிமை போனாலும் கதையின் காப்புரிமை புதுப்பிக்கப்பட்டு உயிரோடு இருந்தது. வூல்ரிச் வழக்கின் தீர்ப்பை முன்னால் வைத்து, இனி அனுமதி இல்லாமல் போடக் கூடாது என்று டெலிவிஷன் நிலையங்களுக்கு எழுதியது. அவை நிறுத்தின. அடுத்த வருஷம் என்.பி.சி. தொலைக்காட்சி அந்தப் படத்துக்கு ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டியது. ஸ்டெர்ன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1984-ல் இறந்துவிட்டார்.